ஒன்றுக்குக் கீழே ஐந்து காசு

அடி அண்ணாமலை
15 ஜூன் 2025

அன்புத் தங்கை மணிமொழிக்கு,

அண்ணன் இளவரசன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி சந்திரகலாவும் கவிநிலாவும் நல்ல சுகம். மும்பை மழையில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன தடவை சொன்ன இருமல் விட்டதா?

போன் இருக்கும்போது இவன் ஏன் கூரியரில் கடிதம் அனுப்புகிறான் என்று சிரிப்பாய். தண்ணீர் கேன் ஆர்டர் எல்லாம் கலாதான் எடுக்கிறாள். கம்பெனி போன் ஒரு கையில், என் போன் ஒரு கையில். நான் உன்னிடம் பேச வேண்டுமென்றால் அவளிடம் கடன் வாங்கித்தான் பேச வேண்டும். அதுவும் நடுவில் ஏதாவது லாட்ஜ்காரன் கூப்பிட்டுவிடுவான். தவிர, கணக்குத் தாள்களின் நகல் உனக்கு எப்படியும் வந்தாக வேண்டும். கூடவே நாலு வரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கம்பெனிக்கு வங்கியில் கடன் கேட்டிருக்கிறேன். கேன் கழுவ ஒரு மெஷின், லோடு அடிக்க ஒரு சின்ன லாரி. மேனேஜர் நல்ல மனுஷன். ஆனால், "வருஷத்துக்கு நீங்க கட்ட வேண்டிய தவணை ஒரு ரூபான்னா, கம்பெனி சம்பாத்தியம் ஒண்ணு முப்பதாவது இருக்கணுங்க. கம்மியா இருந்தா மேல அனுப்பவே முடியாது" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நீ பெரிய பெரிய கம்பெனிகளுக்கு இதே கணக்கைத்தானே போட்டுக்கொண்டிருக்கிறாய். நம் கம்பெனிக்கும் போட்டுக் கொடு. இங்கே ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஈடாக வேங்கிக்கால் மனையைக் கொடுக்கிறோம். மாமா கருப்பன் கலா பேருக்கு எழுதி வைத்தது. கேட்கத் தயங்கிக்கொண்டே கேட்டேன். "மெஷின் வருதுன்னா தாராளமா வெச்சுக்குங்க" என்றாள். மெஷின் மேல் அவளுக்கு அத்தனை ஆசை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
இளவரசன்


மும்பை
27 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இருமல் போய்விட்டது. அண்ணிக்கும் குட்டிக்கும் என் அன்பு.

கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்த்தபோது வராத பயம் உன் தாள்களைப் பிரித்தபோது வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் கணக்கில் வாங்கிய மார்க் எனக்கு ஞாபகம் இருக்கிறதே. ஆனால் தாள்கள் ஒழுங்காக இருக்கின்றன. யார் எழுதியது? உன் கையெழுத்து இல்லை.

கணக்கு ரொம்ப எளிது. விற்ற பணத்தில் மின்சாரம், மூடி, டீசல், சம்பளம் எல்லாம் போக மிஞ்சுவது சம்பாத்தியம். அதை, அந்த வருஷம் வட்டியோடு கட்ட வேண்டிய தவணையால் வகுக்க வேண்டும். ஒன்று வந்தால் சம்பாதிப்பது முழுக்கத் தவணைக்கே சரி. ஒன்றுக்குக் கீழே போனால் கம்பெனி கைப்பணத்தைத் தின்கிறது என்று அர்த்தம்.

லாரி, மெஷின் இரண்டும் வாங்கினால் உனக்கு 1.20 வருகிறது. வங்கி கொடுக்காது. லாரி மட்டும் என்றால் வருஷச் சம்பாத்தியம் பதினொரு லட்சத்து நாற்பதாயிரம், தவணை எட்டு லட்சம். 1.42. தைரியமாகக் காட்டலாம். லாரியால் வியாபாரம் கூடுகிறது. மெஷினால் எந்தச் செலவும் குறையவில்லை, ஏனென்றால் கேன் கழுவ இப்போதும் உனக்குச் செலவே இல்லை. செலவில்லாத வேலைக்கு ஒன்றரை லட்சம் தவணை எதற்கு? மெஷினை விடு.

சம்பளக் கணக்கில் விமல்ராஜும் அறிவுச்செல்வனும்தான் இருக்கிறார்கள். இரண்டு பேரும் வண்டி ஓட்டுகிறவர்கள். கேனெல்லாம் அண்ணாமலையாரே வந்து கழுவிவிட்டுப் போகிறாரா?

அன்புடன்,
மணிமொழி


அடி அண்ணாமலை
13 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

இங்கு அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு அண்ணாமலையாரை வேண்டுகிறேன்.

உன் தாளைப் பார்த்துவிட்டு மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். "உங்க தங்கச்சி போட்டதா? பிரமாதம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. லாரி மட்டும் என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மனையை ஈடு பதிய கலாவோடு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வேடிக்கை. இவள் கட்டைவிரலை வைத்தால் ரேகை விழவே மாட்டேன் என்கிறது. துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள், வேறு விரலை வைத்தாள். அங்கிருந்த அம்மா, "ரேகையெல்லாம் எங்கம்மா தொலைச்சே? கொஞ்சம் எண்ணெ தடவிக்கினு வாயேன்" என்று சொன்னார். வெளியே பஜ்ஜிக் கடையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு வந்து வைத்தோம். ஒருவழியாக விழுந்தது. கூட்டமே சிரித்தது.

நேற்று கலா ஏதோ அரசாங்கப் பரீட்சை எழுதப் போய்விட்டாள். மூன்றாவது தடவை. பகல் வரைக்கும் ஆர்டர் எல்லாம் தலைகீழ். ஒரே லாட்ஜுக்கு இரண்டு தடவை லோடு போயிருக்கிறது. அன்னதானப் பந்தலுக்குப் போகவே இல்லை. நல்ல வேளை, பௌர்ணமி மூன்று நாள் முன்பே முடிந்துவிட்டது.

கேன் கழுவுவதெல்லாம் வீட்டு ஆள்தான். அதைப் போய்க் கணக்கில் எழுதுவார்களா? மெஷின் இல்லை என்பதை அவளிடம் பதமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

உன் அண்ணன்,
இளவரசன்


மும்பை
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கும் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். ரேகைக் கதையை ஆபீசில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். மனசில் வைத்துக்கொண்டால் உறுத்தும். இந்த மாதிரி ஒரு குடும்பக் கம்பெனி என் மேஜைக்கு வந்தால், சம்பளம் வாங்காமல் வேலை செய்கிற வீட்டு ஆள் யார் என்று கேட்போம். அந்த இடத்தில் வெளியாளை வைத்தால் என்ன கூலி ஆகுமோ, அதைக் கழித்த பிறகுதான் சம்பாத்தியம் என்று ஒப்புக்கொள்வோம். உன் கணக்கில் நான் கழிக்கவில்லை. உனக்குக் கடன் கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வங்கியும் கேட்கவில்லை. பரவாயில்லை, ஊரில் பாதிக் கடை இப்படித்தான் நடக்கிறது.

மெஷின் வரவில்லை என்று அண்ணியிடம் சொல்லிவிட்டாயா? மனைக்குக் கையெழுத்து வாங்கிய பிறகும் சொல்லாமல் இருப்பது முறையில்லை.

அன்புடன்,
மணிமொழி


அடி அண்ணாமலை
30 அக்டோபர் 2025

அன்புத் தங்கை மணிமொழிக்கு,

அனைவரும் நலம். தீபாவளிக்கு நீ அனுப்பிய பாவாடை சட்டை கவிநிலாவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தப்பாக நினைக்காதே.

லாரி வந்துவிட்டது. முன்னால் மாலை போட்டு ராஜகோபுரத்துக்கு எதிரே நிறுத்திப் பூசை போட்டோம். கலா வந்து சுற்றிப் பார்த்தாள். "மெஷின் எப்ப வரும்?" என்று கேட்டாள். "தீபம் முடியட்டும்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

இப்போது ஒரு விஷயம். சந்தோஷமானதுதான், சங்கடமும்கூட. கலா பாஸ் பண்ணிவிட்டாள். நல்ல ரேங்க். கவுன்சலிங்குக்குச் சென்னைக்குக் கூப்பிடுவார்கள், போகாவிட்டால் இடம் போய்விடும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசிலேயே இடம் கிடைக்கும்போல இருக்கிறது என்கிறார்கள். தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தாள். மாமா கருப்பன் ஒரு ஹேண்ட்பேக் வாங்கிக்கொண்டு வந்தார். "ஆபீசுக்குக் கூடைய தூக்கிக்கினு போவியா நீ?" என்று கேட்டு அவள் தோளில் அவரே மாட்டிவிட்டார். நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் கேன் கழுவ அவள்தான் உட்காருகிறாள். சாயங்காலமும் அவள்தான். நடுவில் போன், பில், வரிக் கணக்கு. நீ பார்த்த தாள்கள் அவள் எழுதியவை. அவள் போய்விட்டால் கம்பெனி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு எழுது. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

உன் அண்ணன்,
இளவரசன்


மும்பை
12 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். ஆபீசில் வேலை தலைக்கு மேல் இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அண்ணி போனால் கேன் கழுவ இரண்டு பேர், ஆர்டருக்கும் பில்லுக்கும் ஒருவர், ஆக மூன்று ஆள் வைக்க வேண்டும். அந்தக் கூலியைக் கழித்தால் 0.95 வருகிறது. ஒன்றுக்குக் கீழே. எங்கள் தொழிலில் ஒன்றுக்குக் கீழே வந்த கம்பெனியைத் தொடவே மாட்டோம். கட்டத் தவறினால் வங்கி முதலில் கை வைப்பது அண்ணி மனையில்தான்.

ஆகவே அவங்க இப்போது போவது சரியில்லை. ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் நல்லது. பரீட்சை எங்கே போகிறது, மறுபடி வரும். படித்தவங்க, எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாங்க. பக்குவமாகப் பேசு.

பாஸ் பண்ணியதற்கு என் வாழ்த்தை மறக்காமல் சொல்.

அன்புடன்,
மணிமொழி


மும்பை
20 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தீபத்துக்குக் கூட்டம் தாங்கவில்லை என்று டிவியில் காட்டினார்கள். தண்ணீர் நன்றாக ஓடியதா?

இரண்டு தடவை போன் பண்ணினேன். அண்ணிதான் எடுத்தாங்க. "எல்லாரும் நல்லா இருக்கோம் மணிமொழி. லைன்ல ஆர்டர் வருது, வெச்சுடட்டுமா?" என்று கேட்டாங்க. முன்பெல்லாம் எனக்குக் கல்யாணப் பேச்சு எடுக்காமல் போனை வைக்க மாட்டாங்க.

என் கடிதத்தில் ஒரு வரி அவசரமாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. நீ அதை அப்படியே சொல்ல மாட்டாய் என்று நம்புகிறேன். கவுன்சலிங் தேதி வந்துவிட்டதா?

அன்புடன்,
மணிமொழி


அடி அண்ணாமலை
8 பிப்ரவரி 2026

அன்புத் தங்கை மணிமொழிக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

தீபத்துக்கு வியாபாரம் நன்றாக நடந்தது. தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. தைப்பூசப் பௌர்ணமிக்கும் குறைவில்லை. லாரி நல்ல லாரி. மேனேஜர் என்னைப் பார்த்தால் டீ சொல்கிறார்.

இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதத்தை ஆர்டர் போனுக்கு அடியில் வைத்துவிட்டு லோடு ஏற்றப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கடிதம் மடித்து என் சட்டைப் பையில் இருந்தது. மெஷினைப் பற்றி அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

கவுன்சலிங் தைப்பூசத்துக்கு மறுநாள். அன்றைக்கு விடியும் முன்பே எழுந்து குளித்துப் பட்டுப்புடவை கட்டினாள். மாமா வாங்கிக் கொடுத்த பையில் சர்டிபிகேட் எல்லாம் வைத்து, வாசல் வரை வந்து நின்றாள். சென்னை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பௌர்ணமிக்குப் போன கேனெல்லாம் காலியாகத் திரும்பிக் குழாயடியில் குவிந்து கிடந்தது. அதைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எடுத்து, "எத்தினி கேனுங்க? சரிங்க, அனுப்பிடறேங்க" என்றாள். பிறகு உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தாள்.

நான் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். போ என்று ஒரு வார்த்தை. அதுதான் பாக்கி. நான் சொல்லவில்லை மணிமொழி. லாரியிலேயே கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. லோடுக்கு நேரமாச்சு என்று நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

உன் அண்ணன்,
இளவரசன்


அடி அண்ணாமலை
22 பிப்ரவரி 2026

அன்புள்ள மணிமொழிக்கு,

உன் அண்ணி சந்திரகலா எழுதுவது. நலமாக இருக்கிறாயா? உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

உன் அண்ணன் உனக்கு எழுதியிருப்பார். என்னிடம் பேசுவதில்லை, உனக்காவது எழுதட்டும். நீ அவருக்கு எழுதியதை நானும் படித்தேன். என் மேல் உனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்பதும் தெரியும். மனை போய்விடும் என்று பயந்து எழுதியிருக்கிறாய்.

எனக்கு யார் மேலும் கோபம் வரமாட்டேன் என்கிறது. கோபம் வந்தால்கூடத் தேவலை. வெட்கமாக இருக்கிறது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "இன்னா கலா, ஆபீசுக்கு எப்பலேர்ந்து போற?" என்று கேட்கிறார்கள். வேலை ஆர்டர் இன்னும் வரவில்லை என்று சொல்கிறேன். ஜாங்கிரி வாங்கித் தின்றவர்களிடம் வேறு என்ன சொல்வது? அப்பாவிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். அவர் தினம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய் யாரையாவது விசாரித்துவிட்டு வருகிறார். என்னைப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. இதை நான் யாரிடம் போய்க் குறை சொல்ல முடியும்?

நீ வங்கிக்குக் கொடுத்த தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன். மூடி வாங்கிய செலவு இருக்கிறது. அப்போது வாங்கியே இராத லாரிக்கு டீசல் செலவுகூட இருக்கிறது. நான் இருக்கிறேனா என்று தேடினேன். அந்தத் தாளுக்கு வேண்டிய கணக்கை எழுதிக் கொடுத்ததே நான்தான். என்னை எழுத வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை, உன்னை என்ன சொல்வது?

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நான் போனால் கம்பெனி ஒன்றுக்குக் கீழே போகும் என்று எழுதியிருந்தாய். புள்ளி வைத்து எழுதியிருந்தாய். அந்தக் கணக்கு எனக்குப் புரியாது. அது எவ்வளவு பணம் என்று மட்டும் எழுது. நிறைய லட்சமாகத்தான் இருக்கும், மனையே போய்விடும் என்கிறபோது. அந்தத் தொகை தெரிந்தால், இவ்வளவு பெரிய பணத்துக்காகத்தானே போகாமல் இருந்தோம் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

மறுபடி பரீட்சைக்குப் படிக்கிறேன். உன் அண்ணனிடம் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
சந்திரகலா


மும்பை
5 ஏப்ரல் 2026

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நலம் விசாரித்து ஆரம்பித்த நாலைந்து தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். விசாரிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

கணக்கைத் திருத்தி எழுதியிருக்கிறேன். உங்கள் பெயர் மாதச் சம்பளத்தோடு சம்பளக் கணக்கில் முதலில் இருக்கிறது. ஆடிட்டருக்கு ஒரு நகல், வங்கிக்குக் கொடுக்க அண்ணனுக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டேன். ஐந்து வருஷத் தவணையை ஏழு வருஷமாக்கித் தரச் சொல்லிக் கேட்கும்படி எழுதியிருக்கிறேன். தவணை சின்னதானால் எண் தானாக மேலே வரும். முதல் நாளே இதைக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாததில்லை. 1.42 என்று வந்ததும் எனக்கு அது போதுமாக இருந்தது.

மெஷினை வேண்டாம் என்றதும் நான்தான். அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். கேன் கழுவச் செலவே இல்லை, பிறகு மெஷின் எதற்கு என்று எழுதினேன். கழுவுகிற கைக்குக் கூலி போட்டுப் பார்த்திருந்தால், அந்தக் கூலியே மெஷினின் தவணையைக் கட்டி மிச்சமும் வைத்திருக்கும். கூலி இல்லாததால்தான் மெஷின் நஷ்டமாகத் தெரிந்தது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நிறைய லட்சம் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகுதான் நானே அதைப் பணமாக மாற்றிப் பார்த்தேன். அதற்கு முன்பு பார்க்கவில்லை. 0.95 என்றால் ஒரு ரூபாய்த் தவணைக்கு ஐந்து காசு குறைகிறது. வருஷத் தவணை எட்டு லட்சம். குறைவது நாற்பதாயிரம் ரூபாய். மாதத்துக்கு இல்லை, ஒரு வருஷம் முழுமைக்கும்.

அந்த வேலைக்குப் போயிருந்தால் உங்களுக்கு மாதம் இருபத்தைந்தாயிரமாவது கைக்கு வந்திருக்கும். உங்கள் சொந்தச் சம்பளத்தில் இரண்டு மாதத்தை எடுத்து வைத்தால் கம்பெனியும் நின்றிருக்கும், மனையும் இருந்திருக்கும். மீதிப் பத்து மாதத்தில் கொஞ்சம் இறுக்கமாக என்றாலும் வீடு நடந்திருக்கும். கம்பெனியின் வருமானத்தை மட்டும் எண்ணத் தெரிந்த எனக்கு, நீங்கள் சம்பாதிப்பதும் வருமானம் என்று தோன்றவில்லை. அண்ணன் கேட்டிருந்தால் அந்த நாற்பதாயிரத்தை நானே அன்றைக்கே அனுப்பியிருப்பேன். அவனும் கேட்கவில்லை, நானும் எவ்வளவு என்று சொல்லவில்லை.

மனசைத் தேற்றிக்கொள்ளக் கேட்டீர்கள். தேற்றுகிற தொகை என்னிடம் இல்லை அண்ணி.

நேரில் வந்து சொல்ல டிக்கெட் போட்டேன், பிறகு ரத்து செய்துவிட்டேன். ரிஜிஸ்தர் ஆபீசில் உங்கள் ரேகை விழவில்லை என்று அண்ணன் வேடிக்கையாக எழுதியிருந்தான். நானும் சிரித்தேன், ஆபீசில் எல்லோருக்கும் சொன்னேன். எதனால் விழவில்லை என்று கேட்க எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. உங்கள் பரீட்சை எந்தத் தேதி என்று எழுதினால் அதற்கு முந்தின நாள் வந்துவிடுகிறேன். குழாயடியில் நான் உட்காருகிறேன்.

மணிமொழி